நம்பகத்தன்மைக்கு ஆறு புள்ளி

போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகப் பட்டம் முடித்து வருகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சிப் பட்டறை வைக்கிறார்களாம். வேலை கொடுப்பவர்கள் நேர்முகப் பரீட்சையில் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் வந்து முக்கால் மணித்தியாலம் பேச வேண்டுமாம். அன்று வெளியிடும் மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதித்தர வேண்டுமாம். "ஐயா எத்தினை பேரை இன்ரர்வியூ செய்திருப்பீங்கள். உங்கட அனுபவத்தைச் சொன்னாலே காணும்" என்றாள். வயது போனவனிடம் அனுபவம் என்று யாராவது சொன்னால் வாய் தானாகத் திறந்துவிடும். எனக்கும் திறந்தது. ஓம் என்றுவிட்டேன். அழைப்பிதழில் போட முழுப்பெயர் கேட்டாள். கந்தையா சிவலிங்கம் என்றேன். ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வந்த பெயர், யோசிக்காமல் வந்தது.

அன்று பின்னேரமே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குறிப்பெழுத உட்கார்ந்தேன். நேரத்துக்கு வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். மூன்றாவது வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். பொய் சொல்லாதீர்கள் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏன் சத்தத்தைக் காணவில்லை என்று மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய்தான்.

ஆகவே அந்தப் பிள்ளை கேட்ட கட்டுரை இதுவல்ல. ஒரேயொரு நேர்முகப் பரீட்சையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதைச் சொல்ல என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஒன்பது வயதில் ஐம்பத்தெட்டுக் கலவரம் எங்களைக் கீழே இறக்கிவிட்டது. அம்மா வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டா. அப்பாவும் நானும் வவுனியாவுக்குப் பக்கத்தில் பூவரசங்குளத்தில் வந்து விழுந்தோம். அப்பாவின் பெயர் கருப்பையா. ஒரு வயல்காரரிடம் கூலிக்கு நின்றார். காடு வெட்டினார், வரம்பு கட்டினார், என்னை வவுனியாவில் ஒரு விடுதியில் விட்டுப் படிப்பித்தார். விடுதியில் இரண்டு தவணைக்குள் என் பேச்சு மாறிவிட்டது. 'ஆமாங்க' போய் 'ஓம்' வந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகளின் பரிகாசத்தைப் போல ஒரு வாத்தியார் இல்லை, பிரம்பில்லாமலே படிப்பித்துவிடும்.

பத்தொன்பது வயதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலைக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "க. எண்டா?" என்று கேட்டார். கருப்பையா என்றால் தோட்டத்துப் பெயர். கருப்பையாவின் மகனிடம் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். கந்தையாவின் மகனிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தில் நாலு வேலிக்கு ஒரு கந்தையா இருந்தார். கந்தையா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிறப்புச் சான்றிதழ் கலவரத்தோடு போனதால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. அதிலும் அதே பெயரைக் கொடுத்தேன். பிறகு அடையாள அட்டையிலும். பொய் ஒன்றுதான், கடதாசிகள்தான் கூடிக்கொண்டு போயின.

அந்தப் பெயரோடுதான் சம்பந்தம் பேசினார்கள், கலியாணமும் முடிந்தது. மனைவியின் ஆட்கள் யாழ்ப்பாணம். அவளுக்கு மூன்றாம் வருடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், தன் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். பிள்ளைகளுக்கு அப்பப்பா செத்துவிட்டார் என்றே சொல்லி வைத்தோம்.

செத்துப்போன அப்பப்பா பூவரசங்குளத்தில் உயிரோடு இருந்தார். தொண்ணூறில் அங்கிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வெளியே பாரதிபுரத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். நான் கிளிநொச்சி ரவுனுக்குள் கல்வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் அரிசியும் பருப்பும் சுருட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கேட்டதில்லை. வருகிறேன் என்று அவரும் சொன்னதில்லை.

பக்கத்துக் கொட்டிலில் பெருமாள் என்பவர் குடும்பம். அவர்களும் மலையிலிருந்து வந்தவர்கள்தான். காட்டில் விறகு வெட்டி ரவுனுக்குக் கொண்டுவந்து விற்றுச் சீவித்தார்கள். பெருமாளின் மூத்த மகள் செல்வமலர் யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் வாங்கி வந்திருந்தாள். அந்த வரிசைக் கொட்டில்களில் அவள்தான் முதல் பட்டதாரி. அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் உடுப்புத் தோய்த்துக் கொடுப்பதும் அவள்தான். அப்பாவைத் தாத்தா என்பாள். என்னைக் கண்டால், "வாங்க மாமா" என்று ஒரு பலகைக்கட்டையைத் தட்டிப் போடுவாள்.

அந்தக் காலத்தில் நான் கூட்டுறவை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். எங்கள் பணிப்பாளர் அந்தோனிப்பிள்ளை சேர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கர், மெல்லிய மனிதர். மிகவும் தணிந்து கதைப்பார், முன்னுக்குச் சரிந்தால்தான் கேட்கும். கோபம் வந்தால் இன்னும் தணியும். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஆனால் கந்தோரில் எல்லோரும் அவருக்குப் பயம்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் ஐந்து வெளிக்கள உத்தியோகத்தர்களை எடுக்க வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கொட்டில் கொட்டிலாகப் போய்ப் பதிகிற வேலை. பெற்றோல் கிடையாத காலம், சைக்கிள்தான். பட்டதாரிகளாக வேண்டும் என்று விளம்பரம் செய்தோம். நேர்முகத்துக்கு மூன்று பேர் இருந்தோம். சேர், நான், மூன்றாவதாக ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர்.

சேருக்கு ஒரு முறை இருந்தது. வருகிறவர் முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கதை. சான்றிதழ்களைக் கடைசியில்தான் அவிழ்ப்பார். அப்போது சான்றிதழ்கள் பொலித்தீனுக்குள் பொலித்தீன் சுற்றித்தான் வரும். வள்ளத்தில் கடல் தாண்டியும், மழைக்கு மரத்தின் கீழ் கிடந்தும் வந்த கடதாசிகள். "பட்டதாரி எண்டு பல்கலைக்கழகம் சொல்லீட்டுது, அதை நாங்கள் திரும்பச் சொல்லத் தேவையில்லை" என்பார். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரே வசனம் சொல்லித் தொடங்குவார். "என்ர அப்பா கரைவலை இழுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் இழுத்தனான். நீங்கள் பயப்பிடாமல் இருங்கோ." இதைக் கேட்கும்போதெல்லாம் அதிபர் முகட்டைப் பார்ப்பார். நான் முன்னால் விரித்திருந்த விண்ணப்பக் கோவையைப் பார்ப்பேன். ஒரு மனிதன் தன் தகப்பனைப் பற்றி இவ்வளவு லேசாகச் சொல்லலாம் என்பதை அந்த மேசையில் நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவையும் உறைக்கவில்லை.

அவருடைய கேள்வி ஒன்றுதான். குடும்ப அட்டையில் ஏழு பேர் இருக்கிறார்கள், நீங்கள் போய்ப் பார்க்கும்போது கொட்டிலில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்? இரண்டு பேரின் பெயரை வெட்டிவிடுவேன் என்றார்கள் சிலர். மேலதிகாரிக்கு அறிவிப்பேன் என்றார்கள் பலர். ஒருவர் சமூகவியலில் பத்து நிமிடம் பேசினார். அலுத்துப்போனால் சேர் தாளின் ஓரத்தில் சின்னச் சின்ன மீனாகக் கீறுவார். அந்தச் சமூகவியலுக்கு ஒரு கூடை மீன் விழுந்தது.

புள்ளித்தாளில் ஐந்து நிரல், ஒவ்வொன்றுக்கும் இருபது. கல்வியும் மொழியும் அதிபருக்கு. வெளிக்கள அறிவும் ஆளுமையும் சேருக்கு. கடைசி நிரல் நம்பகத்தன்மை, அதை எனக்குத் தந்திருந்தார். "சிவலிங்கம், நீங்கள் இந்த மண்ணில கனகாலம். ஆக்களை அறிவீங்கள்" என்பார். எல்லோருக்கும் பதினாலு, பதினைந்து போடுவேன், யாரையும் தூக்கவும் மாட்டேன், தாழ்த்தவும் மாட்டேன். எல்லாப் புள்ளியும் பென்சிலால். ஒரு இரவு கடந்து, மறுநாள் காலையில்தான் நான் மையால் எழுத வேண்டும். இரவில் மனம் மாறினால் அழிறப்பர் இருக்கிறது என்பது சேரின் கொள்கை.

இன்னொரு விதியும் இருந்தது. எங்கள் நிறுவனத்தில் யாரையும் தெரியுமா என்று வருகிறவரிடம் கேட்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உங்களில் யாருக்கும் இவரைத் தெரியுமா என்று கேட்பார். தெரிந்தவர் ஓம் என்றால் போதும், அவருடைய நிரலை மற்றவர் நிரப்புவார். நான் சொல்லவந்த நாளில் காலை வந்த இரண்டாவது பையனை அதிபருக்குத் தெரிந்திருந்தது. "ஓம், என்னட்டப் படிச்சவன்" என்று சொல்லிக் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பென்சிலை வைத்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

செல்வமலரின் விண்ணப்பத்தைக் கண்டது நான்தான், அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சில் அடித்ததும் நான்தான். பெ. செல்வமலர், பாரதிபுரம். அன்றே சேரிடம் போய் இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்? அயல் என்றால், உங்களுக்குப் பாரதிபுரத்தில் என்ன அயல் என்று அதிபர் கேட்பார். அந்த மனிதர் நூலின் நுனி கிடைத்தால் பந்து முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் விடுவார். அவள் வரமாட்டாள் என்று நம்பினேன். இல்லை, வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தாள். பெருமாளின் விறகுச் சைக்கிளில், பின்கரியரில் விறகு கட்டுகிற றப்பர் வார் தொங்க வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்தாள். என்னைக் கண்டாள். கண்ட மாதிரியே காட்டவில்லை.

சேர் கரைவலையைச் சொல்லி முடித்தார். அதிபர் தன் கேள்வியைத் தொடங்கினார்.

"பெ. எண்டா என்ன, பிள்ளை?"

"பெருமாள், சேர்."

"சொந்த இடம்?"

"பாரதிபுரம், சேர்."

"அது இப்ப. அதுக்கு முன்னம்?"

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், தகப்பன் விறகு வெட்டுகிறார் என்றும் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதிபர் சரி, சரி என்று மொழிக்குப் பன்னிரண்டு போட்டார். நான் முப்பது வருடமாக விழுங்கி வைத்திருந்ததை இந்தப் பிள்ளை தண்ணீர் குடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள்.

சேர் ஏழு பேர், ஐந்து பேர் கேள்வியைக் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். முதல் நாள் அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்கவே மாட்டேன் என்றாள். தங்கள் வரிசையிலும் அப்படி வீடுகள் இருக்கின்றன, மற்றவர்கள் எங்கே என்று யாரும் வந்து கேட்டவுடன் அந்த வீட்டு அம்மா அழுவா, அழுதுகொண்டே பொய் சொல்லுவா என்றாள். "ரெண்டாவது வாட்டி, மூணாவது வாட்டி போனா அவங்களே சொல்லுவாங்க, சேர். அதுவரைக்கும் ஏழுன்னே இருக்கட்டும்." சேர் பென்சிலை எடுத்துப் பத்தொன்பது போட்டார். அந்தத் தாளில் மீன் இல்லை.

இந்த வேலை ஏன் வேண்டும் என்றும் கேட்டார். தங்கச்சி அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள், தனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தால்தான் அவளை மேலே படிப்பிக்கலாம், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள் என்றாள். கெஞ்சவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"எங்கட நிறுவனத்தில ஆரையும் தெரியுமோ, பிள்ளை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். "தெரியாது, சேர்" என்றாள்.

சேர் எங்கள் பக்கம் திரும்பினார். அதிபர் தலையை ஆட்டி இல்லை என்றார். சேர் என்னைப் பார்த்தார். வழக்கத்தை விடக் கூட நேரம் பார்த்தார்.

"சிவலிங்கம், உங்களுக்கு?"

"தெரியாது, சேர்."

அவள் வணக்கம் சொல்லி எழும்பிப் போனாள். நான் பென்சிலை எடுத்தேன். மற்ற நாலு நிரலிலும் அவளுக்கு அறுபத்திரண்டு. வழக்கம்போலப் பதினாலு போட்டால் எழுபத்தாறு, முதல் ஐந்துக்குள் வந்துவிடுவாள். வந்தால் தினமும் இதே கந்தோரில், இதே மேசைகளுக்கு நடுவில் இருப்பாள். ஒருநாள் வாய் தவறி மாமா என்பாள். ஒருநாள் தாத்தாவுக்குச் சுகமில்லை என்று எல்லோருக்கும் முன்னால் வந்து சொல்வாள். இதெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு என்று போட்டேன். இருபதுக்கு ஆறு. எனக்காக ஒரேயொரு பொய் சொன்ன பிள்ளைக்கு, பொய்யிலேயே சீவித்த நான் நம்பகத்தன்மைக்குப் போட்ட புள்ளி அது.

பின்னேரம் சைக்கிள் எடுக்கப் போனபோது சேர் அங்கே நின்றார். காற்சட்டையின் காலை மடித்துக் கவ்வி போட்டுக்கொண்டே, போன மாதம் குடும்பங்களைப் பார்க்கப் பாரதிபுரத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார். "ஒரு வயது போனவர் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தவர். உங்கட முகவெட்டு, சிவலிங்கம். தன்ர மகன் ரவுனில பெரிய கந்தோரில இருக்கிறார் எண்டார். எந்தக் கந்தோர் எண்டு நான் கேக்கேல்லை." சொல்லிவிட்டு நின்றார். சைக்கிளில் ஏறவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதே விளங்கியது, விளங்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். "அப்படியோ, சேர்" என்றேன். அவர் ஏறிப் போய்விட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்த அப்பனை நான் முப்பது வருடம் குதிருக்குள் வைத்திருந்தேன். இந்த மனிதர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நீயே எடுத்து வெளியே விடு என்று எனக்கு இடம் தந்திருக்கிறார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முதல் கந்தோருக்குப் போனேன். புள்ளித்தாளை விரித்தேன். ஒரு பக்கம் மைப்பேனா, மற்றப் பக்கம் அழிறப்பர். முதல் பெயரிலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். அவளுடைய வரியில் நின்றேன். ஐந்தாவதாக வந்தவனுக்கு எழுபத்தொன்று. நான் ஆறை அழித்துவிட்டுப் பத்து என்று எழுதினாலே போதும், அவளுக்கு எழுபத்திரண்டு. அழிறப்பரைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே காவலாளி கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டது. அழிறப்பரை வைத்துவிட்டு ஆறை மையால் எழுதினேன். மை காய்ந்ததும் பென்சில் தடங்களை அழித்துத் தாளைத் துப்புரவாக்கினேன். துப்புரவுக்கு நான் பேர்போனவன்.

சேர் தாளை வாங்கிப் பார்த்தார். அந்த வரியில் அவருடைய விரல் நின்றது.

"ஆறோ?"

"ஓம், சேர்."

ஒப்பமிட்டார். அதற்குப் பிறகும் அவரோடு வேலை செய்தேன், நேர்முகங்களிலும் இருந்தேன். ஆனால் நம்பகத்தன்மை நிரலை அவர் ஒருநாளும் எனக்குத் தரவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு பாரதிபுரத்துக்குப் போகக் கால் வரவில்லை. போகாவிட்டால் அப்பாவுக்கு அரிசி இல்லை, போனேன். அப்பா கொட்டிலின் நிழலில் குந்தியிருந்தார். வேலை கிடைக்கவில்லை என்று பிள்ளைக்குக் கடிதம் வந்திருக்கிறது என்றார். நான் போட்டி கூட என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நாந்தான் சொல்லி அனுப்பினேன்ப்பா. எம் மகன் அங்கன இருப்பான், தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத. அவனுக்கு அங்க வேற அப்பன் பேருன்னு."

எப்போதிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் பூவரசங்குளத்திலிருந்து நடந்து என்னைப் பார்க்க வந்திருக்கிறார், அவித்த கச்சான் கடலை ஒரு பையில் கட்டிக்கொண்டு. கருப்பையா மகன் சிவலிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் கேட்டிருக்கிறார். அப்படி ஒருவர் இல்லை, கந்தையா மகன் சிவலிங்கம்தான் இருக்கிறார், கூப்பிடவா என்றிருக்கிறார்கள். "அவரு இல்லீங்கன்னுட்டு வந்துட்டேன்" என்றார் அப்பா. சொல்லும்போது சிரித்தார். கச்சானை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. "தின்னுக்கிட்டே நடந்தேன். தூரம்தானே" என்றார்.

செல்வமலர் கஞ்சிக் கோப்பையோடு வந்தாள். கோப்பையை அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள், பலகைக்கட்டையைத் தட்டி எனக்குப் போட்டாள். "வாங்க, சேர்" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. அந்த வருடம் தங்கச்சியின் படிப்பு நின்றது, ரவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். செல்வமலர் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாகப் போனாள்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. நான் மனைவி பிள்ளைகளையும் கந்தோர்க் கோவைகளையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். கோவைகளுக்கு இடம் இருந்தது. அப்பாவைச் செல்வமலர் அந்த விறகுச் சைக்கிளின் பின்கரியரில் இருத்தி, அந்த றப்பர் வாரால் தன் இடுப்போடு கட்டி உருட்டிக்கொண்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டார்கள். மூன்று மாதத்தில் மலேரியாவில் அப்பா போய்விட்டார். ஆள் அனுப்பியிருந்தாள். ஓடினேன். கொள்ளி நான்தான் வைத்தேன். சுற்றிவர நின்ற சனம் எல்லோருக்கும் நான் மகன் என்று தெரியும்.

மறுநாள் மரணத்தைப் பதியப் பதிவாளரிடம் போனோம், நானும் செல்வமலரும். இறந்தவர் பெயர் கருப்பையா என்று எழுதினார். அறிவிப்பவரின் அடையாள அட்டை என்று கை நீட்டினார். கொடுத்தேன். கந்தையா சிவலிங்கம் என்று வாசித்துவிட்டு, இறந்தவருக்கு நான் என்ன முறை என்று கேட்டார். மகன் என்றால் தகப்பன் பெயர் வேறாக இருக்கிறதே என்பார். பின்னால் நின்ற செல்வமலர்தான் சொன்னாள்.

"தெரிஞ்சவருங்க."

பதிவாளர் எழுதினார். தெரிந்தவர். நான் கையெழுத்து வைத்தேன். என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான், அவருடைய மரணச் சான்றிதழில் தெரிந்தவர்.

வெளியே வந்ததும், "பிள்ளை, அண்டைக்கு அந்த இன்ரர்வியூவில" என்று தொடங்கினேன். "விடுங்க, சேர். எங்க அப்பா தனியா இருக்காரு, நான் போகணும்" என்று சைக்கிளை எடுத்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட அவள் எனக்கு இடம் தரவில்லை. ஏன் தரவேண்டும்? பிறகு அவள் நியமனம் கிடைத்து ஆசிரியையாகி, எங்கோ அதிபராகவும் இருக்கிறாள் என்று கேள்வி. பட்டறைக்கு வரப்போகிற உங்களில் யாராவது அவளிடம் படித்தவர்களாக இருக்கக்கூடும்.

வேலை கொடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். அந்தோனிப்பிள்ளை சேர் எதைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறேன். நான் எதைப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பிள்ளையால் எனக்கு வெட்கக்கேடு வருமா என்பதை மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் எவ்வளவு ஆயத்தம் செய்துகொண்டு போனாலும் மேசைக்கு அப்பால் என்னைப் போல ஒருவன் இருக்கலாம். உங்களுக்குப் புள்ளி குறைந்தால் எல்லாப் பிழையையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நேற்றுக் காலை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டதா என்று கேட்டேன். நாளைக்குத்தான் என்றாள். பெயரில் ஒரு திருத்தம் இருக்கிறது, எழுதிக்கொள்ளும் என்றேன்.

"கருப்பையா சிவலிங்கம்."

"ஐயோ, நான் கந்தையா எண்டெல்லோ எழுதிப்போட்டன். சொறி ஐயா."

"நீர் சரியாத்தான் எழுதினீர், பிள்ளை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. மாத்தீட்டன் ஐயா, வேறு ஏதும் இருக்கோ என்று கேட்டாள். இல்லை என்றேன். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.